காசிப் பெட்டி

காசிக்குப் போனால் பிடித்த காய் ஒன்றையும் பழம் ஒன்றையும் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது வழக்கம். விட்டதை அப்புறம் ஆயுசுக்கும் தொடக்கூடாது. நம் ஆட்கள் இதில் கெட்டிக்காரர்கள். ரயில் ஏறும்போதே முடிவு செய்துவிடுவார்கள், காயில் பாகற்காய், பழத்தில் விளாம்பழம் என்று. கங்கையில் முங்கி எழுந்து, கைகூப்பி, பிடிக்காததையெல்லாம் பக்தியோடு விட்டுவிட்டுப் புண்ணியத்தைச் சுருட்டிக்கொண்டு ஊர் வந்து சேருவார்கள். கங்கை பெரிய மனசுக்காரி, ஒன்றும் கேட்பதில்லை.

இயந்திரத்துக்கு அந்தப் பெரிய மனசெல்லாம் கிடையாது. ஜெனோவா டீச்சர் இதைத் தெரிந்துகொண்ட விதம்தான் கொஞ்சம் கஷ்டமானது.

ஜெனோவாவுக்குச் சொந்த ஊர் வேம்பார், கடற்கரை. வேலை பாளையங்கோட்டையில், பெண்கள் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ கணக்கு. கல்லூரி நாளிலேயே குற்றாலநாதனைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் ஆளுக்கொரு மாதிரி சண்டை போட்டு ஓய்ந்த பிறகு கட்டிக்கொண்டாள். நாதனுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் பைக் உதிரிபாகக் கடை. வீடு பரம சைவம். முட்டைகூட அந்த வாசலைத் தாண்டியதில்லை. யாரும் கேட்காமலே கல்யாணத்தன்று ஜெனோவா மீனை விட்டாள். இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. மகள் கோவையில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இவர்கள் இருவரும் மாமியார் ஆவுடையம்மாளும்தான்.

மார்பில் கட்டி வந்தது. அறுவை முடிந்தது. அப்புறம் கீமோ, ஆறு தடவை ஏற்ற வேண்டும் என்றார்கள். கட்டிக்கோ கத்திக்கோ அவள் பயப்படவில்லை. முதல் கீமோ முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது.

வாந்தி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். வயிற்றில் இருப்பது வெளியே வந்தால் அது வாந்தி. வயிற்றில் ஒன்றுமே இல்லாதபோதும் உடம்பு தன்னையே பிதுக்கிப் பிதுக்கி வெளியே தள்ளப் பார்ப்பதற்கு என்ன பேர் வைப்பது? தண்ணீர் குமட்டியது. சொந்த எச்சில் குமட்டியது. குக்கர் விசில் அடித்தால் ஓங்கரித்தாள். கீமோவுக்குப் போன அன்று கட்டியிருந்த நீலச் சேலை கொடியில் காய்வதைப் பார்த்து ஓங்கரித்தாள். வாந்தியை நிறுத்தக் கொடுத்த மாத்திரைகளில் ஒன்றும் அவள் உடம்புக்குக் கேட்கவில்லை. அடுத்த கீமோவுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சாவதானால் சும்மா படுத்துச் சாகிறேன், இப்படி வாளியைக் கட்டிக்கொண்டு சாகமாட்டேன் என்றாள்.

அப்போதுதான் மருத்துவமனைக்கு அந்தப் பெட்டி வந்து சேர்ந்தது. டாக்டர் ரிஸ்வானா அவளைக் கூப்பிட்டு விளக்கினாள். சின்ன வயசு டாக்டர். எல்லோரையும் போல அவளும் ஜெனோவாவை டீச்சர் என்றே கூப்பிட்டாள்.

"குமட்டல் வயித்துல இல்ல டீச்சர், தலையில இருக்கு. மருந்து உள்ள போனதும் மூளை பதறிப்போயிடுது. ஏதோ விஷத்தைத் தின்னுட்டா, எது அதுன்னு தேடுது. கண்ணுல பட்டது, மூக்குல பட்டது எல்லாத்து மேலயும் பழியைப் போடுது. அதான் உங்களுக்குக் குக்கரும் சேலையும் குமட்டுது. இந்தப் பெட்டி அந்தப் பழி மொத்தத்தையும் ஒரே ஒரு வாசனை மேல கொண்டுபோய்க் கட்டிடும். அந்த வாசனை கிட்ட வராத வரைக்கும் நீங்க சாப்பிடலாம், தூங்கலாம், பாடம் எடுக்கலாம்."

"அந்த வாசனை?"

"அது ஆயுசுக்கும் போச்சு. பேரைச் சொல்லலாம், நினைச்சுப் பாக்கலாம், அதுல ஒண்ணும் ஆகாது. ஆனா மூக்குல பட்டா உடனே வாந்திதான். இன்னொண்ணு, அது உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச வாசனையா இருக்கணும். பிடிக்காததுக்கு மூளைக்குள்ள இடமே கிடையாது. பிடிச்சதுக்குத்தான் வீடு கட்டி வச்சிருக்கும். இவ்வளவு குமட்டலையும் அடைக்கப் பெரிய வீடா வேணும்."

வார்டில் யாரோ அதற்குக் காசிப் பெட்டி என்று பேர் வைத்தார்கள். கம்பெனிக்காரன் வைத்த பேர் அன்றோடு செத்துப்போனது. பேர் வந்ததும் பழக்கமும் பின்னாலேயே வந்தது. மூக்குக்கு எட்டாத தூரத்தில் வைத்திருந்ததையெல்லாம் ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் முள்ளங்கி என்றார். ஒருவர் கஷாயம் என்றார். தலையில் தொப்பியை மாட்டி வாசனையைக் காட்டினால், எவ்வளவு பிடிக்கும் என்பது திரையில் ஒரு நீலக் கோடாக எழும்பும். முள்ளங்கிக்கு அது படுத்தே கிடந்தது. ஓர் அம்மாள், புருஷன் பக்கத்தில் இருக்கிறாரே என்று, அவர் சட்டை வாசனைதான் தனக்கு உயிர் என்றாள். கோடு அசையவில்லை. பஸ் ஸ்டாண்டு போய்ச் சேரும்வரை அந்த மனுஷர் வாயைத் திறக்கவில்லையாம்.

ஜெனோவாவின் முறை வந்தபோது அறைக்குள் நாதனும் இருந்தார், ஆவுடையம்மாளும் இருந்தாள். மாமியார் நெற்றி நிறைய நீறு பூசி, சுருக்குப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரொம்பப் பிடித்தது எது என்று டாக்டர் கேட்டதும் ஜெனோவாவுக்கு ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. மாமியாரின் நீற்றைப் பார்த்தாள். வந்தது அப்படியே உள்ளே போனது.

"அத்தை வைக்கிற சொதி," என்றாள்.

ஆவுடையம்மாளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. திருநெல்வேலியில் சொதி வைக்காத சைவ வீடு கிடையாதுதான். ஆனால் தேங்காய்ப் பாலைத் திரியவிடாமல் இறக்கும் கை தன்னுடையதுதான் என்பது அவள் எண்ணம். மருமகள் அதையே சொல்லிவிட்டாள். இனி ஆயுசுக்கும் இவளுக்குச் சொதி ஊற்ற முடியாது என்ற துக்கமும், உயிரைக் காக்கப்போவது தன் சொதி என்ற பெருமையும் ஒரே நேரத்தில் பொங்கி, என்ன செய்வது என்று தெரியாமல் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

தூக்குவாளியில் சொதி வந்தது. கோடு பாதிக்குச் சற்று மேலே போய் நின்றது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினாள். இதைவிடப் பிடித்தது வேறு உண்டா என்று இரண்டு தடவை கேட்டாள். இல்லை என்று இரண்டு தடவையும் சொன்னாள் ஜெனோவா. பெரிய பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளிடம், தெரிந்த விடையை எழுதாமல் விட்டுவிட்டு வராதே என்று தொண்டை கிழியச் சொல்கிறவள் அவள். அன்று அவளே விட்டுவிட்டு வந்தாள்.

இரண்டாவது கீமோ சுகமாகப் போனது. இட்லி உள்ளே போய் உள்ளேயே தங்கியது. பள்ளிக்கு ஒரு நடை போய்ப் பாடம் எடுத்துவிட்டு வந்தாள். வீட்டில் சொதியை நிறுத்தினார்கள். மூன்றாவது கீமோ ஏறும்போதும் நாதன் வழக்கம்போல் பக்கத்தில் முக்காலி போட்டு, அவள் நெற்றியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கடைசிச் சொட்டு இறங்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் அவர் காப்பி கொண்டுவந்து நீட்டியபோது ஜெனோவா ஓங்கரித்தாள். காப்பி என்று நினைத்தார்கள். மத்தியானம் மாமியார் கொண்டுவந்த அதே காப்பியைக் குடித்தாள். சாயங்காலம் கடையிலிருந்து வந்த நாதன் கட்டில் ஓரம் வந்து நின்றதும் வாளியைத் தேடினாள். கிரீஸ் வாடை என்று நினைத்து அவர் குளித்துவிட்டு வந்தார். சோப்பை மாற்றினார். தேங்காய் எண்ணெயை விட்டார், நீறு பூசுவதை விட்டார், கடைச் சட்டையைக் கடையிலேயே கழற்றிவிட்டு வந்தார். எதை விட்டாலும் விடாத ஒன்று மிச்சம் இருந்தது. அது அவர்தான்.

அதன் பிறகு அவர் கூடத்திலிருந்தே அறைக்குள் இருப்பவளுக்கு போன் போட்டார். நடுவில் ஒரு கதவு. சாப்பிட்டியா என்று போனிலும் கேட்கும், கதவு வழியாகவும் கேட்கும். முதலில் இருவருக்கும் சிரிப்பு வந்தது. போகப் போக வரவில்லை. மகள் ஊருக்கு வருகிறேன் என்றபோது ஜெனோவா வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். அவள் மேலும் இந்தக் குமட்டல் ஒட்டிக்கொண்டால்?

டாக்டர் ரிஸ்வானா எதையும் மறைக்கவில்லை. வீடு சின்னது, அடைத்தது போக மிச்சம் வழிந்துவிட்டது என்றாள்.

"வழிஞ்சது ஏன் அவுக மேல போய் ஒட்டணும்? அத்தையும்தான் பக்கத்துல இருந்தாவ."

"சொதியை விட அவரைப் பிடிக்கும் டீச்சர். அதான். பெரிய வீடு எங்க இருக்குன்னு பாத்துத்தான் அது போகும்."

ஜெனோவாவுக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷத்தில் நாதனைப் பிடிக்கும் என்று யாரும் இவ்வளவு தெளிவாக அவளிடம் சொன்னதில்லை. அதைச் சொல்ல ஒரு வாந்தி வேண்டியிருந்தது.

வழி ஒன்று உண்டு என்றாள் டாக்டர். நாலாவது கீமோவுக்கு முன்னால் வேறு வாசனையைக் கட்டிவிட்டால் வழிந்ததும் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அது இப்போது ஒட்டியிருக்கிற இடத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். சுற்றி வளைக்காமல் சொன்னால், புருஷனைவிடப் பிடித்த ஒன்று வேண்டும். நாலாவதும் இப்படியே ஏறிவிட்டால் அது இறுகிவிடும். பிறகு யாராலும் பிரிக்க முடியாது. பெட்டியே வேண்டாம் என்றால் பழையபடி வாளிதான். மூன்று கீமோ பாக்கியிருக்க, வாளியோடு அதைத் தாண்டுகிற உடம்பு இப்போது இவளுடையது இல்லை.

அன்று சாயங்காலம் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து நாதன் பேசினார். யோசித்து முடித்துவிட்டுப் பேசுகிற குரல்.

"நான் தென்காசியில அக்கா வீட்டுல போய் இருந்துக்கிடுதேன், ஜெனோ. அப்படியே இருந்தாலும் சரிதான். எவ்வளவோ பேரு துபாயில இருந்துக்கிட்டுக் குடும்பம் நடத்தலையா? நீ உசுரோட இருந்தாப் போதும்."

"எனக்குப் போதாது," என்றாள் ஜெனோவா. "உசுரோட இருந்து நான் என்ன செய்ய? கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கவா? கீமோவையும் விடமாட்டேன், உங்களையும் விடமாட்டேன். விடுததுக்கு வேற இருக்கு."

என்னது என்று அவர் கேட்டதற்கு, அப்புறம் சொல்லுதேன் என்றாள். முதலில் அந்த நீலக் கோட்டிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள்.

மறுநாள் ஆட்டோ பிடித்துத் தனியாக மருத்துவமனைக்குப் போனாள். கூட வருகிறேன் என்று கிளம்பிய மாமியாரை வீட்டிலேயே உட்காரவைத்துவிட்டாள். தொப்பியை மாட்டிக்கொண்டு, நெத்திலிக் கருவாடு என்றாள், பொரிக்கிற வாசனை.

டாக்டர் வாசனை அலமாரியைத் திறந்தாள். கம்பெனிக்காரன் கொடுத்தனுப்பிய குப்பிகளில் ஸ்ட்ராபெர்ரி இருந்தது, வெனிலா இருந்தது. நம்மூருக்கென்று பெரிய மனிதர்கள் கூடி யோசித்து மல்லிகை, காப்பி, சாம்பார், சந்தனம் என்று சேர்த்திருந்தார்கள். கருவாடு இல்லை. கருவாடு பிடிக்கும் என்று ஒரு கூட்டத்தில் எழுந்து சொல்ல அந்தப் பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை போலும். பரவாயில்லை, நினைத்துப் பாருங்கள், கோடு அதற்கே கொஞ்சம் எழும்பும் என்றாள் டாக்டர்.

ஜெனோவா கண்ணை மூடினாள். வேம்பார் வீட்டின் பின்பக்கம். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பசி. அம்மா நெத்திலியின் தலையைக் கிள்ளிப்போட்டு, வெந்நீரில் அலசி, மிளகாய்த் தூளில் பிரட்டி எண்ணெயில் போடுகிறாள். தெருமுனையிலேயே தெரிந்துவிடும், இன்றைக்கு நம் வீட்டில்தான் என்று. அந்த முனையிலிருந்து புத்தகப் பையோடு ஓடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு அம்மா வீட்டுக்குப் போனாலும் ரசமும் அப்பளமும்தான். இங்கே யார் பார்க்கிறார்கள், தின்னு என்பாள் அம்மா. பார்க்காவிட்டால் தின்றது தின்னாததாகிவிடுமா என்று இவள் கேட்பாள். பாதி விடுவது என்பது அவளுக்குத் தெரியாத வித்தை. பாளையங்கோட்டையின் சாயங்காலத் தெருக்களில் யார் வீட்டிலாவது அந்த வாசனை வந்தால் மட்டும் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கிக்கொள்வாள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று வைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷமாக மிச்சமிருந்தது அந்த மெதுநடை ஒன்றுதான்.

கண்ணைத் திறந்தபோது கோடு திரையின் மேல்விளிம்பை முட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் ரிஸ்வானா திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"அத்தை உக்காந்திருந்தாவளே."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னாள். பொரித்து ஆறியது உதவாது, பொரியும்போது எழும்புகிற வாசனைதான் வேண்டும். மருத்துவமனைக்குள் அடுப்புப் பற்றவைக்க விடமாட்டார்கள். கீமோவுக்கு முந்தின நாள் பெட்டியை வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். தொப்பியை மாட்டிக்கொண்டு, பெட்டியில் பச்சை விளக்கு எரியும்வரை வாசனையைப் பிடிக்க வேண்டும். மூன்று கீமோவுக்கும் மூன்று தடவை. கடைசியாக ஒரு வாய் சாப்பிட ஆசை இருந்தால் தொப்பி போடுவதற்கு முன்னால் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

"டாக்டர், புருஷனை விடக் கருவாடு பெருசுன்னு காட்டுதே. நான் என்ன பொம்பளை?"

"இது அன்பு இல்ல டீச்சர். மூளைக்கு அடியில மூக்கு தனியா ஒரு குடித்தனம் நடத்துது. அதுக்கு உங்களுக்குக் கல்யாணம் ஆனதே தெரியாது."

ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் இதை எப்படிச் சொல்வது? ஆட்டோவில் வரும் வழியெல்லாம் வார்த்தைகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். ஒன்றும் வகுபடவில்லை. கடைசியில் மாமியாரைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, நாதனுக்கு போனைப் போட்டு, ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டு, உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டாள். கோடு எதுவரை போனது என்பதையும் சொன்னாள். மறைத்ததற்கு ஒரு தடவை பட்டது போதும்.

போனில் கடை ஷட்டரைப் பாதி இறக்குகிற சத்தம் கேட்டது.

"என்னைய விடவா?" என்றார் நாதன்.

"ஆமா."

"இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லலையே, ஜெனோ."

"நீங்க கேக்கலையே."

ஆவுடையம்மாள் எழுந்தாள். சாமி அறைக்குப் போய் விளக்கைத் துடைத்து, படங்களுக்கு முன்னால் துண்டைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினாள். முடிந்தது, கோபித்துக்கொண்டு தென்காசிக்கு மகள் வீட்டுக்குக் கிளம்பப்போகிறாள் என்று ஜெனோவா நினைத்தாள். திரும்பி வந்த மாமியார் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏளா, அப்ப என் சொதி?"

"சொதியும் பிடிக்கும், அத்தை. நிஜமாத்தான்."

"பாதிதான் பிடிக்கும், என்ன?" ஆவுடையம்மாள் மருமகளின் முடி கொட்டிய தலையைத் தடவினாள். "நான் பக்கத்துல இருக்கேன்னுல்லா பொய் சொல்லியிருக்கே. அந்தப் பொய்யாலதான் என் புள்ளை கதவுக்கு வெளியே நிக்கான். சரி, விடு. அதை ஊற வைக்கணுமா, அப்படியே போடணுமா?"

"வெந்நீர்ல அலசினாப் போதும், அத்தை," என்றாள் ஜெனோவா. மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நீறும் வியர்வையும் கலந்த அந்த வாடை குமட்டாதது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று நினைத்தாள்.

கீமோவுக்கு முந்தின நாள் மத்தியானம் நாதன் சந்தைக்குப் போனார். கருவாட்டுக் கடை எந்த வரிசை என்றுகூட அவருக்குத் தெரியாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, நல்லா வாசனை அடிக்கிற மாதிரி ஒன்று கொடுங்கள் என்று கேட்டு, கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே கட்டிக்கொடுத்த சுறாக் கருவாட்டை வாங்கிவந்தார். பொட்டலம் வாசலுக்கு வந்ததுமே ஜெனோவா அறைக்குள்ளிருந்து போன் போட்டு, அது இல்லை என்றாள். மறுபடி போய் நெத்திலி வாங்கிவந்தார். சமையலறைக்குள் வேண்டாம் என்பதில் மட்டும் ஆவுடையம்மாள் உறுதியாக இருந்தாள். புறவாசலில் துணி துவைக்கிற கல் பக்கத்தில் அடுப்பை வைத்துக் கொடுத்துவிட்டு, தான் மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு உள்ளே இருந்து ஜெனோவா சொல்லச் சொல்ல, வெளியே நாதன் தலையைக் கிள்ளினார், வெந்நீரில் அலசினார், மிளகாய்த் தூள் போட்டுப் பிரட்டினார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவளுக்குச் சமைத்துக் கொடுத்த முதல் பதார்த்தம் அதுதான்.

எண்ணெய் இரைந்தது. அந்த வாசனை ஜன்னல் கம்பி வழியே உள்ளே வந்தபோது ஜெனோவா கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தட்டை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு நாதன் தள்ளிப் போய் நின்றார். சுடுசோற்றோடு பிசைந்து ஒரு வாய் போட்டாள். கீமோ நாக்கைக் கெடுத்து வைத்திருந்தது. ஆணியைச் சப்புகிற மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் காத்திருந்து இதுவா என்று ஒரு நிமிஷம் ஆத்திரம் வந்தது. ஆனால் மூக்கு சரியாக இருந்தது. அது வேம்பாரில் இருந்தது. ஆணியோ சோறோ, தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்று முடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க," என்றாள். "இந்தத் தடவை தட்டுல வேண்டாம். சட்டியிலேயே கெடக்கட்டும்."

தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள். மூச்சை நன்றாக இழுத்தாள். பச்சை விளக்கு எரிந்த பிறகும் இன்னொரு மூச்சு இழுத்துக்கொண்டாள். அது கணக்கில் சேராது.

நாலாவது கீமோ ஏறிய மறுநாள் நாதன் கடைச் சட்டையோடே அறை வாசலில் வந்து நின்றார். வரலாமா என்று போனில்தான் கேட்டார். ஒரு எட்டு வைத்தார், நின்றார். இன்னொரு எட்டு. கட்டில் ஓரம்வரை வந்தாயிற்று. ஜெனோவா அவர் சட்டையை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். கிரீஸ், ரப்பர், வியர்வை, மறுபடி தடவிய தேங்காய் எண்ணெய். ஒன்றும் ஆகவில்லை. வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு தயாராக நின்ற ஆவுடையம்மாள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த இரண்டு தடவை சுலபமாக இல்லை. எண்ணெய் சூடேறி முதல் நெத்திலி விழுந்ததுமே அவளுக்குக் குடல் புரண்டது. பச்சை விளக்கு எரியும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஓங்கரித்துக்கொண்டே நின்றாள். போதும் என்று வெளியே நாதன் அடுப்பை அணைக்கப் போவார். அணைக்காதீங்க என்று உள்ளிருந்து அதட்டுவாள். அவர் சட்டியைக் கிளறிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார். பொரித்ததை அப்புறம் என்ன செய்தார் என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இல்லை.

ஆறும் முடிந்தது. ஸ்கேன் சுத்தமாக வந்தது. ஜூன் மாதம் புது முடியும் புதுச் சேலையுமாகப் பள்ளிக்குப் போனாள். மகள் வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாள். வீட்டில் எல்லாம் சாப்பிட்டார்கள், சொதியைத் தவிர. அதை ஆவுடையம்மாள் பக்கத்து வீட்டில் போய் வைத்துக் கொடுத்துவிட்டு வருவாள். சாயங்காலம் பள்ளியிலிருந்து வரும்போது சில தெருக்களை ஜெனோவா சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. மெதுவாக நடந்த இடத்தில் இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அது வலிக்கத்தான் செய்தது. வலியோடுதான் வீட்டுக்கு வந்து சேருவாள். வீட்டில் ஆள் இருந்தது.

புரட்டாசி முடிந்த ஒரு சனிக்கிழமை, நாதன் கடையை அடைத்துவிட்டு வந்து வாசல் கேட்டைத் திறந்தார். முன்பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஜெனோவா குழாயைப் போட்டுவிட்டுக் குரோட்டன்ஸ் செடிக்குள் குனிந்தாள். வயிற்றில் இருந்ததெல்லாம் வந்துவிட்டது.

நாதன் பதறி ஓடிவந்தார். கிட்டே வர வர அவள் இன்னும் ஓங்கரித்தாள். வராதீங்க என்று கையை நீட்டித் தடுத்தாள். மறுபடியும் இவர் மேலேயா என்று ஒரு கணம் நினைத்தாள். அடுத்த கணம் புரிந்தது. இது அவர் வாடை இல்லை. அவர் மீசையிலிருந்து வருகிறது, விரலிலிருந்து வருகிறது.

அவர் கேட்டுக்கு அந்தப் பக்கமாகப் போய் நின்றுகொண்டார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். உள்ளே மேஜையில் அவள் போன் அடித்தது. அவள் போய் எடுத்து, கூடத்து ஜன்னலுக்கு வந்து நின்றாள். கேட்டுக்கும் ஜன்னலுக்கும் இருந்த தூரத்தில் அவளுக்கு மறுபடி மூச்சு வந்தது.

"எப்ப இருந்து?" என்றாள்.

"அஞ்சாவது கீமோவுல இருந்து," என்றார். அவர் குரலே தரையில் கிடந்தது. "நீ உள்ள வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தே. சட்டியில அவ்வளவும் கெடந்துச்சு. என்னைய விடப் பெருசா அப்படி இதுல என்னதான் இருக்குன்னு ஒண்ணை எடுத்து வாயில போட்டேன்."

"போட்டு?"

"என்ன செய்ய? பிடிச்சுப்போச்சு. ஜங்ஷன்ல ஒரு மெஸ் இருக்கு. எப்பவாவது போவேன். நல்லாக் கழுவிட்டுத்தான் வருவேன். இன்னைக்குத் தண்ணி வரலை."

ஜெனோவாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தான் ஆயுசுக்கும் தொலைத்ததை இந்த மனுஷன் ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்து தின்றுவிட்டு வருகிறார்.

"என்னைய விடவா?" என்றாள்.

கேட்டருகில் நின்ற உருவம் தலையைக் குனிந்துகொண்டது. பொய் சொல்ல வாயெடுத்து, எடுத்த வாயை மூடிக்கொண்டது அவளுக்குத் தெரிந்தது.

"விட்டுருதேன், ஜெனோ. சாமி சத்தியமா. இன்னைக்கே விட்டாச்சு."

விடச் சொல்லலாம். அவள் விட்டது இருபத்திரண்டு வருஷம். இப்போது அவர் முறை என்று சொன்னால் நியாயம் முழுக்க அவள் பக்கம்தான். தெருமுனையில் நடையை மெதுவாக்கிக்கொண்டு போகிற நாதனை அவள் நினைத்துப் பார்த்தாள். அந்த நடை எப்படி இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"விட வேண்டாம்," என்றாள். "சனிக்கிழமை சனிக்கிழமை தின்னுங்க. தின்னுட்டுக் கடையிலயே படுத்துக்கோங்க. ஞாயித்துக்கிழமை தலை முழுகிட்டு வீட்டுக்கு வாங்க. ஆனா ஒண்ணு."

"என்ன?"

"தின்னதும் எனக்கு போன் போடணும். எப்படி இருந்துச்சுன்னு ஒண்ணு விடாமச் சொல்லணும். நினைச்சுப் பாத்தா எனக்கு ஒண்ணும் செய்யாது. டாக்டரு சொல்லியிருக்கா."

நாதன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னைக்குப் பொரிச்சது நல்லா மொறுமொறுன்னு இருந்துச்சு," என்று ஆரம்பித்தார். "மிளகாய் கொஞ்சம் தூக்கல். சோத்துல வச்சுக் கடிச்சதும் முதல்ல உப்புத்தான் தெரிஞ்சுது. ரொம்ப உப்பு."

ஜெனோவா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள்.

"வெந்நீர்ல அலசாமப் பொரிச்சிருக்கான்," என்றாள். "ம், அப்புறம்? சொல்லுங்க."